கொழும்பிலிருந்து கோணமலை வரை: துறைமுகம் பார்க்கப் போன ஏழு நாள்

நாள் 1: கொழும்பு

தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் அலுவலகத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது 'கொழும்பு' என்ற பெயரைச் சொல்லாமல் எங்கள் அலுவலகத்தில் பொழுது போகாது. திருப்பூர் பனியன், கரூர் திரைச்சீலை, சிவகாசித் தீப்பெட்டி, எங்கள் ஊர் இறால் என எதை ஏற்றினாலும் பல பெட்டிகள் (கன்டெய்னர்கள்) முதலில் போவது கொழும்புக்குத்தான். ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் ஒரு ராத்திரிப் பயணம், அங்கே இறக்கி வைத்து, அப்புறம் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிற மதர் வெசல் என்ற பெரிய கப்பலில் ஏற்றுவார்கள். காரணம் ஆழம். எங்கள் வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல் மூழ்கி நிற்கிற ஆழம், அதாவது டிராஃப்ட், 14 மீட்டரை ஒட்டித்தான் கிடைக்கும், பெரிய மதர் வெசல் முழுச் சுமையோடு வந்தால் 16, 17 மீட்டர் தண்ணீர் கேட்கும்.

2024இல் செங்கடல் சண்டையால் கப்பல்களெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது கொழும்பில் பெட்டிகள் தேங்கிப் போயின. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் பெட்டி அங்கே இரண்டு கப்பலைத் தவறவிட்டு, சீசன் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அவர் திட்டியதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ராத்திரிதான் இந்தப் பயணத்தை முடிவு செய்தேன். என் பிழைப்பு முழுக்க எந்தத் துறைமுகத்தை நம்பி நடக்கிறதோ அதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அதோடு, செய்தியில் அடிக்கடி அடிபடுகிற அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் பார்த்துவிட வேண்டும்.

மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இதே தூத்துக்குடி, கொழும்பு வழிக்காகத்தான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஆட்களை ஏற்றி அவரை நசுக்கியது. இந்தக் கடல் துண்டுக்காக நடக்கிற போட்டி நேற்று ஆரம்பித்ததில்லை.

மத்தியானம் தாமரைக் கோபுரத்தின் மேலே போனேன். 350 மீட்டருக்கு மேல் உயரம், அதுவும் சீனக் கடனில் கட்டியது. மேலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுக்கத் தெரிகிறது. முதலில் பழைய துறைமுகம். 1875இல் வெள்ளைக்காரர்கள் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கும் வரை கொழும்பு ஒரு திறந்த கரைதான். அதற்கு வெளியே, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் புதிய அலைதடுப்புச் சுவர் போட்டு உருவாக்கிய தென் துறைமுகம். அங்கே 2013இல் திறந்த சீன முனையம் (டெர்மினல்), 85 சதவீதப் பங்கு சைனா மெர்ச்சன்ட்ஸ் கம்பெனிக்கு, 18 மீட்டர் ஆழம். அதே தண்ணீரில் எதிரே அதானியின் மேற்கு முனையம், 1,400 மீட்டர் நீளக் கரை, 20 மீட்டர் ஆழம், 2025 ஏப்ரலில் வேலை தொடங்கியது. இரண்டு முனையத்தின் கிரேன்களும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன. நான் தினமும் டிராக்கிங்கில் எழுத்தாகப் பார்க்கிற முனையப் பெயர்கள் இரும்பாக எழுந்து நின்றதைப் பார்த்து ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தச் சீன முனையத்தில்தான் 2014இல் இரண்டு தடவை சீன நீர்மூழ்கிக் கப்பல் வந்து நின்றது. பெட்டி இறக்குகிற கரையில் நீர்மூழ்கிக்கு என்ன வேலை என்று டெல்லி கொதித்துப் போனது.

நாள் 2: கொழும்பு

கொட்டாஞ்சேனையில் ஒரு அண்ணன் இருக்கிறார். எங்களுக்குக் கொழும்புப் பக்க வேலையெல்லாம் முடித்துக் கொடுக்கிறவர். 15 வருடமாகத் தொலைபேசியில் மட்டுமே பழக்கம், இன்று காலைதான் முகம் பார்த்தேன். இடியப்பம், சொதி, சம்பல் என்று வீட்டில் சாப்பாடு போட்டு, செட்டியார் தெரு வழியாக நடத்திக்கொண்டே பேசினார்.

கிழக்கு முனையத்தின் கதையை அவர் சொல்லித்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். அதை இந்தியாவும் ஜப்பானும் இலங்கையோடு சேர்ந்து நடத்துவதாக 2019 மே மாதம் ஒப்பந்தம் ஆனது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, 2021 பிப்ரவரியில் இலங்கை அரசு அதைக் கைவிட்டது. அதே வருடம் செப்டம்பரில் மேற்கு முனையம் அதானிக்குப் போனது: அதானிக்கு 51 சதவீதம், இலங்கையின் ஜோன் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகாரசபைக்கு 15. நடுவில் அமெரிக்காகூட 55 கோடி டாலருக்கு மேல் கடன் தருவதாக அறிவித்தது, பிறகு அது வேண்டாம் என்று அதானி தன் பணத்திலேயே கட்டி முடித்தார். ஒரு துறைமுகத்துக்குள் இந்தியா, ஜப்பான், அமெரிக்கா, சீனா என எல்லோருடைய கணக்கும் இருக்கிறது.

"தம்பி, எங்களுக்குப் பெட்டி வந்தால் சரி. சீனாக்காரன் கரையில இறங்கினால் என்ன, இந்தியாக்காரன் கரையில இறங்கினால் என்ன, வேலை செய்யிறது நாங்கள்தானே" என்றார் அண்ணன். கொழும்பில் கைமாறுகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்தியாவுக்குப் போவது, இந்தியாவிலிருந்து வருவது. சீன முனையத்தின் வருமானத்திலும் எங்கள் பனியனுக்கு ஒரு பங்கு உண்டு. இவ்வளவு போட்டியும் கொழும்பில் சண்டையாக மாறாமல் வியாபாரமாகவே ஓடுவதற்கு இந்தச் சரக்குதான் காரணம் என்று எனக்குப் பட்டது.

மாலையில் தேசிய அருங்காட்சியகம் போனேன். நான் பார்க்க நினைத்தது ஒரே ஒரு கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியோடு கொண்டுவந்து நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு, காலியில் 1911இல் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் இந்துக் கடவுளான தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. தங்கம், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று அனுப்பிய பொருள்களின் பட்டியல். தேய்ந்து போன கல், நாலைந்து எழுத்துக்கு மேல் என்னால் கூட்டி வாசிக்க முடியவில்லை, ஆனாலும் அது தமிழ் என்று தெரிந்த நொடியில் உடம்பு சிலிர்த்தது. 600 வருடத்துக்கு முன்னால் சீனக் கப்பற்படை இந்தத் தீவில் யாரோடு பேச வேண்டும் என்று யோசித்தபோது தமிழும் ஒரு துறைமுக மொழியாக அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டே வருடத்தில், 1411இல், அதே செங் ஹ இங்கேயிருந்த ஆட்சியாளர் அழகக்கோனைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். காணிக்கையும் படையும் ஒரே கப்பலில் வந்தவைதான்.

நாள் 3: அம்பாந்தோட்டை

மாக்கும்புரவில் அதிவேகப் பாதை பஸ் ஏறினேன். 2020இல் இந்தப் பாதை தெற்கே அம்பாந்தோட்டை வரைக்கும் நீண்டுவிட்டது. அருமையான சாலை. மாத்தறை தாண்டியதும் வண்டிகள் குறைந்து, நிலம் வறண்டு, மரங்கள் குட்டையாகி, எங்கள் ஊர்ப் பக்கம் மாதிரியே ஆகிவிட்டது.

மாதிரி என்ன, அதே ஊர்தான். ஊருக்குள் நுழையும்போதே உப்பளம். இங்கே லேவாய என்கிறார்கள். பாத்தியும் வெள்ளைக் குவியலும் முகத்தில் அடிக்கிற உப்புக் காற்றும் அப்படியே தூத்துக்குடி. துறைமுகத்தையே கரகன் லேவாய என்ற உப்பேரி இருந்த இடத்தைத் தோண்டித்தான் கட்டினார்கள். கடலைத் தடுத்துவிட்டு உள்நாட்டு நிலத்தில் குழி வெட்டி, வேலை முடிந்ததும் 2010 ஆகஸ்டில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நவம்பர் 18ஆம் தேதி, அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் பிறந்தநாளன்று, திறப்பு விழா. இது அவர் சொந்த மாவட்டம்.

ஊர் ரொம்பச் சின்னது. 2004 சுனாமியில் பெரும்பகுதி அழிந்து, மக்களை உள்ளே தள்ளிப் புது ஊரில் குடிவைத்தார்கள். கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தமிழ்க் குரல் கேட்டது, போய் உட்கார்ந்தேன். கடைக்கார நாநா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மலாய்க்காரர். அவர் முன்னோர் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் வந்தவர்களாம். 'சம்பான்' என்ற படகிலிருந்துதான் ஊருக்கு அம்பாந்தோட்டை என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

"துறைமுகம் வந்தா ஊரே சிங்கப்பூர் ஆகும்னு சொன்னாங்க. சிங்கப்பூர் ஆகல்ல. ஆனா என்ட மகன் உள்ளுக்குத்தான் வேலை, கார் இறக்குற யார்ட்ல. சம்பளம் பரவால்ல. சும்மா ஒண்டுமே இல்லண்டு சொல்ல ஏலாது" என்றார்.

கல்லில் அரைத்த சம்பலும் மீன் குழம்பும். கடைசியாக மண்சட்டியில் எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி, அதாவது கூந்தல்பனைப் பாகு. அதற்காகவே இந்த ஊருக்கு இன்னொரு தடவை வரலாம்.

நாள் 4: அம்பாந்தோட்டை

துறைமுகத்துக்குள் போக அனுமதி கிடையாது. வாசலில் நின்று பார்த்தேன், அப்புறம் ஊர்ப் பக்கம் கடற்கரை மேட்டில், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பீரங்கி வைப்பதற்குக் கட்டிய வட்டக் கோபுரத்துப் பக்கம் நின்று பார்த்தேன். தெற்கே சுமார் 10 கடல் மைலில் உலகத்தின் பெரிய கப்பல் பாதை. சூயஸிலிருந்து மலாக்கா போகிற கப்பல், வளைகுடாவிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் எண்ணெய் கொண்டு போகிற கப்பல், எல்லாம் இந்த முனையைச் சுற்றித்தான் போக வேண்டும், ஏனென்றால் இதற்குத் தெற்கே அண்டார்டிகா வரை நிலமே இல்லை. ஒரு மணி நேரத்தில் அடிவானத்தில் ஒன்பது கப்பலை எண்ணினேன். ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இந்தத் துறைமுகத்தின் கஷ்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது. கப்பல் கடந்து போகிற இடத்தில் இருப்பது வேறு, கப்பல் நிற்க வேண்டிய காரணம் இருப்பது வேறு. பெட்டிக் கப்பல் நின்றால் நிற்கிற நேரத்துக்கெல்லாம் காசு. இறக்க ஏற்றச் சரக்கு இருந்தால்தான் அது திரும்பும். 2012இல் இங்கே வந்தது மொத்தம் 34 கப்பல், அதே வருடம் கொழும்பில் 3,600க்கு மேல். இவ்வளவுக்கும் 17 மீட்டர் ஆழம். முதல் கட்டத்துக்குச் சீன எக்சிம் வங்கியில் 30.7 கோடி டாலர் கடன், வட்டி 6.3 சதவீதம். சரக்கு பிடித்துக் கொடுக்கிற தொழிலில் இருக்கிற எனக்கு இந்தக் கணக்கைப் பார்க்கவே வயிறு கலங்குகிறது. எந்த வியாபாரி கேட்டான் இந்தத் துறைமுகத்தை?

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒரு விஷயம் தப்பாகவே பரவியிருக்கிறது. கடனைக் கட்ட முடியாமல் சீனாவிடம் துறைமுகத்தைப் பறிகொடுத்தார்கள் என்று எங்கள் ஊர் டீக்கடையில்கூடப் பேசுவோம், நானும் பேசியிருக்கிறேன். 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சைனா மெர்ச்சன்ட்ஸ் கொடுத்த 112 கோடி டாலர் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை. அது நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, துறைமுகக் கடன் அப்படியே அரசின் தலையில் தொடர்ந்தது. அப்போது இலங்கையின் கழுத்தை அதிகம் இறுக்கியவை சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். அதனால் சீனா நல்லவன் என்று ஆகிவிடாது. 99 வருடம் என்றால் இங்கே பிறக்கிற குழந்தையின் பேரப்பிள்ளை காலம். 2017 ஜனவரியில் துறைமுகத்தை ஒட்டித் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகளும் பிக்குகளும் தெருவில் இறங்கி அடிபட்டார்கள். அவர்கள் கேட்டது, எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்துக்கு யார் விலை பேசியது என்பதைத்தான்.

சரக்கு வராத துறைமுகத்துக்கு வேறு மாதிரிக் கப்பல்கள் வரத் தொடங்கும். 2022 ஆகஸ்ட் 16இல் யுவான் வாங் 5 இங்கே வந்து நின்றது, செயற்கைக்கோளையும் ஏவுகணையையும் பின்தொடர்கிற பெரிய கிண்ண ஆண்டெனாக்கள் வைத்த சீனக் கப்பல். முதலில் வர வேண்டாம் என்று தள்ளிப்போடச் சொன்ன கொழும்பு, பிறகு அனுமதித்தது, ஆறு நாள் நின்றது. அந்த வாரம் எங்கள் ஊரில் அதே பேச்சு. திருச்செந்தூர் தாண்டிக் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அப்போது நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கைமேல் பறக்காமல் வளைத்துக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேரே தெற்கே விடலாம் என்பதுதான் அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். அந்த வழிக்குப் பக்கவாட்டில் அம்பாந்தோட்டை இருக்கிறது. இங்கே நின்று பார்க்கும்போது அந்தக் கவலை வரைபடத்தில் தெரிந்ததைவிட அதிகமாகவே உறைத்தது. அடுத்த வருடம் இன்னொரு சீன ஆய்வுக் கப்பல் கொழும்புக்கு வந்து, இந்தியாவும் அமெரிக்காவும் நெருக்கி, கடைசியில் 2024 முழுக்க எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று இலங்கை அறிவித்தது.

நாநா சொன்னதையும் எழுத வேண்டும். இப்போது கார் கப்பல்கள் நிறையவே வருகின்றன. இந்தியாவில் செய்த கார்களும் இங்கே இறங்கி வேறு கப்பல் ஏறுகின்றன. 2025 ஜனவரியில் 370 கோடி டாலரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டச் சீனாவின் சைனோபெக்கோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அது வந்தால் இந்தத் துறைமுகத்துக்குச் சொந்தச் சரக்கு கிடைக்கும். அப்போது கதை மாறலாம்.

மாலையில் அம்பலாந்தோட்டைப் பக்கம் கொடவாய போனேன். ஒரு பாறைக் குன்று, மேலே விகாரை, கீழே வெறும் கடற்கரை. பாறையில் பிராமி எழுத்தில், இந்தத் துறையின் சுங்க வருமானத்தை விகாரைக்குக் கொடுத்ததாக 2ஆம் நூற்றாண்டின் கஜபாகு மன்னன் வெட்டிய கல்வெட்டு. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது வந்து நின்றதாகச் சொல்கிற கயவாகு இவர்தான் என்பார்கள். எதிரே கடலுக்கடியில் 2,000 வருடம் பழைய கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது, இந்தியப் பெருங்கடலில் இதுவரை கண்டுபிடித்ததில் மிகப் பழையவற்றில் ஒன்று. அப்போது யாரும் கடன் வாங்கித் தோண்டவில்லை, சரக்கு வந்தது, சுங்கம் விழுந்தது, விகாரைக்குக் கொடுக்குமளவுக்கு மிச்சமும் இருந்தது. இருட்டும் வரை அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

நாள் 5: சாலையில்

விடியற்காலை கிளம்பி மொனராகலை வழியாக மட்டக்களப்பு, அங்கே பஸ் மாறித் திருகோணமலை. உடம்பு வலிக்கிற பயணம். அதிகம் எழுத முடியவில்லை, ஒன்றே ஒன்று.

மட்டக்களப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்குச் சம்பூர். கொட்டியாரக் குடாவின் தென்கரை, திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரை. 2006இல் சண்டையில் ஓடினார்களாம். சண்டை முடிந்தும் ஊருக்கு விடவில்லை, இந்தியக் கம்பெனியோடு சேர்ந்து நிலக்கரி மின்நிலையம் கட்டப் போவதாகவும் தொழில் வலயம் என்றும் நிலத்தை அடைத்துவிட்டார்கள். "கிளிவெட்டி முகாமில தகரக் கொட்டிலுக்குள்ள ஒன்பது வருசம் இருந்தம் தம்பி. அங்கதான் என்ட மகள் பெரியபிள்ளையானவள்" என்றார். 2015க்குப் பிறகுதான் திரும்ப முடிந்தது. 2016இல் நிலக்கரித் திட்டமே கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் இந்தியா சேர்ந்து கட்டுகிற சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் போட்டிருக்கிறார்கள்.

நான் இந்தியன் என்று தெரிந்துதான் அவர் சொன்னார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. மூதூரில் இறங்கும்போது பையிலிருந்து இரண்டு மாம்பழம் எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

கிண்ணியாப் பாலம் கடக்கும்போது இருட்டிவிட்டது. ஒரு பக்கம் முழுக்கக் கருப்பாகத் தண்ணீர், தூரத்தில் கடற்படைத் தளத்தின் விளக்குகள்.

நாள் 6: திருகோணமலை

காலையில் ஓர்ஸ் ஹில் பக்கம் மேட்டில் நின்று உள்துறைமுகத்தைப் பார்த்ததும் வாய்விட்டு "அம்மாடி" என்றுவிட்டேன். மூன்று பக்கமும் பச்சைக் குன்று, நடுவில் அசையாத நீலம், வாய் குறுகலாக, உள்ளே விரிந்து. அலைதடுப்புச் சுவர் வேண்டாம், தோண்ட வேண்டாம். எங்கள் துறைமுகத்தில் ஒரு மீட்டர் ஆழம் கூட்ட எத்தனை வருடம் கோப்பு நகர வேண்டும், இங்கே 20 மீட்டருக்கு மேல் இயற்கையே கொடுத்திருக்கிறது.

இதற்காகச் சண்டை போடாத கொடி இல்லை. தரங்கம்பாடிக்குப் போன டேனிஷ்காரர்கள் 1620இல் முதலில் வந்தது இங்கே. போர்த்துக்கீசர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அவர்களிடமிருந்து பிடித்தார், ஒப்பந்தத்தில் மறுபடி ஒல்லாந்தருக்கு, 1795இல் மறுபடி ஆங்கிலேயருக்கு. ஏன் இவ்வளவு பாடு? சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது, வெறும் கரை. சோழமண்டலக் கரை முழுக்க வடகிழக்குப் பருவக்காற்றில் ஒதுங்க இடமில்லை, பழுது பார்க்க வேண்டுமானால் பம்பாய் வரை சுற்றிப் போக வேண்டும். வங்காள விரிகுடாவில் எந்தக் காற்றிலும் ஒரு கப்பற்படையே ஒதுங்கி நிற்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். இதை வைத்திருந்தவன் கையில் மற்றக் கரையும் இருந்தது.

ஆனால் வியாபாரத் துறைமுகம் என்று இது ஒருகாலும் வளரவில்லை. தேயிலை மலைநாட்டிலிருந்து ரயிலில் கொழும்புக்குப் போனது, வெள்ளைக்காரன் பணத்தையும் அலைதடுப்புச் சுவரையும் அங்கே போட்டான். இங்கே போர்க்கப்பலை மட்டும் நிறுத்தினான். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கேயே இருந்தது. அம்பாந்தோட்டையில் 15 வருடமாக நடப்பதைத் திருகோணமலை 300 வருடமாகப் பார்த்துவிட்டது.

பழைய எண்ணெய்த் தொட்டிகள் இருக்கிற சீனன்குடாவுக்குப் போக ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவருக்கு என்னைவிட வயது குறைவு. "தூத்துக்குடியோ அண்ணா? எங்கட தாத்தா தோணியில உங்கட ஊருக்குப் போய் வந்தவர்" என்றார், அதோடு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கட்டைக் கணக்கில் இடம் சொல்லிக்கொண்டே போனார், இங்கே மைல்கல்லைக் கட்டை என்கிறார்கள்.

எண்ணெய்த் தொட்டிகளைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியாது. சாலையிலிருந்து மரங்களுக்கு நடுவே துருப்பிடித்த வட்டச் சுவர்களாகத் தெரிந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஆங்கிலேயர் கட்டியவை, மொத்தம் 99, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலிட்டர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. அன்றைக்கே மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். ஒரு தொட்டியில் ஜப்பானிய விமானம் ஒன்று வேண்டுமென்றே மோதியது என்றும் அது பல நாள் எரிந்தது என்றும் ஆட்டோக்காரர் சொன்னார், ஊரில் எல்லோரும் சொல்கிற கதை.

இந்தத் தொட்டிகளுக்காகவும் ஒரு நீண்ட கயிறிழுப்பு. 1980களில் அமெரிக்கா இங்கே காலூன்றிவிடுமோ என்று டெல்லி பயந்தது. 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் இரண்டு விஷயம் வந்தது: திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தரப்படாது, எண்ணெய்த் தொட்டிகளை இரண்டு நாடும் சேர்ந்து சீர்படுத்தும். அந்தத் தேதியை இன்னொரு தடவை பாருங்கள். அம்பாந்தோட்டைக் குத்தகை கையெழுத்தானது 2017 ஜூலை 29. சரியாக 30 வருடம் கழித்து, அதே நாள். ராத்திரி இதைக் கவனித்ததிலிருந்து மனதை விட்டு அகலவில்லை.

கடிதம் எழுதி ஏறக்குறைய 35 வருடம் கழித்து, 2022 ஜனவரியில்தான் கணக்குத் தீர்ந்தது: 14 தொட்டி இந்தியன் ஆயிலின் லங்கா கம்பெனிக்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த புதுக் கம்பெனிக்கு, அதில் இலங்கைக்கு 51 சதவீதம். 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து மூன்று நாடாகத் திருகோணமலையை எரிபொருள் மையமாக்க ஒப்பந்தம். மற்றவன் கைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்தோமே தவிர, பெரும்பகுதியை உபயோகிக்கவில்லை. காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடக்கிற அந்த இரும்பைப் பார்த்தபோது எனக்கு வருத்தம்தான் வந்தது, என் நாட்டின்மேல்.

நாள் 7: திருகோணமலை

கோணேசர் தரிசனம். கோட்டைக்குள் நுழைந்து மேலே நடக்கும்போது வழியெல்லாம் புள்ளிமான்கள், ஆட்களைக் கண்டு ஓடுவதேயில்லை. சம்பந்தர் தமிழ்நாட்டில் இருந்தபடியே இந்தக் கடலின் இரைச்சலைப் பாடியிருக்கிறார். பாறை விளிம்பில் நின்றால் செங்குத்தாகக் கீழே கடல், தண்ணீர் கருநீலம். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு ஆழத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மாலையில் ஆட்டோத் தம்பியே வந்து கூட்டிக்கொண்டு உள்துறைமுகத்துக் கரைக்குப் போனார். ப்ரிமா மாவு ஆலைக்கு முன்னால் ஒரே ஒரு கப்பல், கோதுமை இறக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு மூலையில் சீமெந்து ஆலை. கடற்படைப் படகு இரண்டு. நடுவில் சின்ன வள்ளங்களில் மீன் பிடிக்கிறவர்கள். சண்டைக் காலத்தில் இந்தத் தண்ணீரில் வலை போட விட மாட்டார்களாம், அவருடைய அப்பா சில வருடம் தொழிலே இல்லாமல் இருந்திருக்கிறார்.

"அண்ணா, நீங்க கப்பல் வேலைதானே. இஞ்ச இவ்வளவு ஆழம் இருக்கு, ஏன் உங்கட பெட்டியெல்லாம் இஞ்ச வாறதில்ல?" என்று கேட்டார்.

பெட்டி வர என்னென்ன வேண்டும் என்று விளக்கினேன். கப்பல் பாதையிலிருந்து இது விலகி இருக்கிறது, சுற்றி ஆலைகள் குறைவு, இங்கிருந்து ஏற்றச் சரக்கு இல்லாவிட்டால் காலிப் பெட்டியோடு கப்பல் திரும்ப வேண்டும், கட்டுப்படியாகாது. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பெட்டி வேண்டாம். தோணி? வெங்காயம், வத்தல் மிளகாய் ஏத்திக்கொண்டு வர ஏலாதா? திரும்பிப் போகேக்க கருவாடு ஏத்தலாம். தாத்தா அப்படித்தான் செய்தவர்" என்றார்.

இரண்டு பேரும் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துத் தூத்துக்குடியிலிருந்து தெற்கே தீவைச் சுற்றி வருகிற தூரத்தை அளந்து பார்த்தோம். காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் ஓடுகிறதே, அந்த வழியாக வடக்கே சுற்றி வந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த தோணி முதலாளி ஒருவர் இருக்கிறார், போனதும் வாடகை விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். என் நம்பரை வாங்கிப் பெயருக்குப் பக்கத்தில் 'தூத்துக்குடி தோணி' என்று பதிந்துகொண்டார். நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு அவரே வந்து ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.